கொண்டோவில் மின்சாரக் கார் சார்ஜர்: பாதிப் பணம் அரசாங்கம் தந்தது, மீதிக்கு என்ன வழி?

மின்சாரக் கார் வாங்கலாமா என்று வீட்டில் பேச்சு எழுந்தால், விலைக்கு அடுத்து வரும் கேள்வி இதுதான்: "வாங்கிட்டு எங்கே சார்ஜ் பண்றது?"

தரைவீட்டில் இருப்பவர்களுக்குக் கவலை இல்லை. வீட்டு வாசலிலேயே கார், வீட்டு மின்சாரம். கழக வீடுகளின் கார் நிறுத்துமிடங்களில் அரசாங்கமே ஏற்பாடு செய்து வருகிறது. நடுவில் மாட்டிக்கொள்பவர்கள் கொண்டோமினியவாசிகள். கார் நிறுத்துமிடம் எல்லாருக்கும் பொது. மின்சாரமும் பொதுக் கணக்கு. ஒரே ஒரு சார்ஜர் பொருத்த வேண்டும் என்றாலும் எல்லாரும் சேர்ந்துதான் முடிவெடுக்க வேண்டும்.

அவர்களுக்காகவே அரசாங்கம் ஒரு மானியம் வைத்திருந்தது. தொடங்கியபோது, 2023 டிசம்பர் 31 வரை அதற்கு விண்ணப்பிக்கலாம் என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் விண்ணப்பப் படிவத்தை நிரப்புவது இதில் ஆகச் சுலபமான வேலை. அதற்கு முன்னால் செய்யவேண்டியவைதான் அதிகம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இது என்ன மானியம்?

மின்சார வாகனப் பொது மின்னூட்டச் சாதன மானியம். பெயர் கொஞ்சம் நீளம். நிலப் போக்குவரத்து ஆணையம் இதை 2021 ஜூலையில் தொடங்கியது. கொண்டோமினியங்கள், தனியார் அடுக்குமாடி வீடுகள் ஆகியவற்றில் குடியிருப்பாளர்கள் பகிர்ந்துகொள்ளும் சார்ஜர்களைப் பொருத்த ஆகும் செலவில் ஒரு பகுதியை அரசாங்கம் ஏற்றது. தொடக்கத்தில் முதல் 2,000 சார்ஜர்களுக்கு மட்டும் என்று அறிவிக்கப்பட்டது.

"பகிர்ந்துகொள்ளும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். உங்கள் காருக்கென்று தனியாக ஒரு சார்ஜர் வைத்து, பூட்டுப் போட்டுக்கொள்ள இந்த மானியம் உதவவில்லை.

மின்சாரக் கார் வாங்குபவர்களுக்கு வரிச் சலுகை இருக்கிறதே, அதுதானா இது என்று சிலர் குழம்பிக்கொள்கிறார்கள். அது வேறு, இது வேறு. அது கார் வாங்குபவரின் கைக்குப் போகிறது. இது கட்டடத்துக்குப் போனது.

அரசாங்கம் ஏன் இதில் காசு போட்டது?

2030ஆம் ஆண்டிலிருந்து சிங்கப்பூரில் புதிதாகப் பதிவாகும் கார்கள் எல்லாமே தூய்மையான எரிசக்தியில் ஓடுபவையாக இருக்க வேண்டும். 2040க்குள் பெட்ரோல், டீசல் எஞ்சின் வாகனங்களைப் படிப்படியாகக் குறைத்து விலக்குவது இலக்கு.

மக்களும் மெல்ல மாறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். 2021ஆம் ஆண்டில் பதிவான புதிய கார்களில் சுமார் 4 விழுக்காடு மின்சாரக் கார்கள். மறு ஆண்டே அது ஏறக்குறைய 12 விழுக்காடு.

கார்கள் கூடும்போது சார்ஜர்களும் கூட வேண்டும். 2030க்குள் 60,000 சார்ஜர்கள் என்பது திட்டம். அவற்றில் 40,000 பொதுக் கார் நிறுத்துமிடங்களில். மீதி 20,000 தனியார் இடங்களில். அந்த 20,000ஐ அரசாங்கம் தானே போய்ப் பொருத்த முடியாது. கட்டடத்தின் உரிமையாளர்கள் சம்மதிக்க வேண்டும். மானியம் அதற்கான தூண்டுகோலாக இருந்தது.

எவ்வளவு கிடைத்தது?

மானியம் 2021இல் தொடங்கியபோது, மூன்று வகைச் செலவுகளில் 50 விழுக்காட்டை அரசாங்கம் ஏற்றது:

• சார்ஜர் சாதனத்தின் விலை
• உரிமம் பெற்ற மின் ஊழியருக்கான கட்டணம்
• கம்பிவடம் இழுப்பது, பொருத்துவது ஆகிய வேலைகள்

மொத்தத்தில் அப்போது ஒரு சார்ஜருக்கு 4,000 வெள்ளிக்கு மேல் கிடைக்கவில்லை. மூன்றாவது வகைக்குத் தனியாகவும் ஒரு வரம்பு இருந்தது. கம்பிவட வேலைக்கு 1,000 வெள்ளிக்கு மேல் மானியம் கிடைக்கவில்லை.

இந்த இரண்டாவது வரம்புதான் பலருடைய கணக்கைக் கவிழ்த்திருக்கும். அந்த விதிகளின்படி ஓர் உதாரணம் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக மட்டுமே.

சார்ஜரின் விலை 4,000 வெள்ளி, மின் ஊழியருக்கு 1,000 வெள்ளி, கம்பிவட வேலைக்கு 6,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 11,000 வெள்ளி. "பாதி" என்றதும் 5,500 வெள்ளி என்று மனம் கணக்குப் போடும். 4,000 வெள்ளி வரம்பு ஞாபகம் வந்தால், "சரி, 4,000 வந்துடும்" என்று தோன்றும். உண்மையில் சார்ஜருக்கு 2,000, மின் ஊழியருக்கு 500, கம்பிவடத்துக்கு அதிகம் போனால் 1,000. ஆக மொத்தம் 3,500 வெள்ளியைத் தாண்டாது. மீதி 7,500 வெள்ளியை யாராவது கொடுத்தாக வேண்டும்.

பழைய கொண்டோக்களில் கம்பிவடச் செலவுதான் அதிகம். மின் விசைப்பலகை இருக்கும் அறை ஒரு மூலையில், சார்ஜர் வைக்க நினைக்கும் இடம் மறு மூலையில் என்றால் செலவு எகிறும். எனவே "மின்தூக்கிக்குப் பக்கத்துல வெச்சா வசதி" என்று முடிவு செய்வதற்குமுன், மின் அறைக்குப் பக்கத்தில் எந்த நிறுத்துமிடங்கள் இருக்கின்றன என்று பாருங்கள். நான்கு சார்ஜர்களை ஒரே இடத்தில் சேர்த்து வைத்தால், இழுக்கும் கம்பிவடத்தின் செலவு நான்காகப் பிரியும்.

யார் விண்ணப்பிக்க முடிந்தது?

தனிநபராக விண்ணப்பிக்க முடியாது என்பது விதியாக இருந்தது. கொண்டோவின் நிர்வாகக் கழகம், அதாவது எம்சிஎஸ்டி, விண்ணப்பிக்க முடிந்தது. அதன் சம்மதத்தோடு சார்ஜர் சேவை வழங்கும் நிறுவனமும் விண்ணப்பிக்க முடிந்தது. எப்படிப் பார்த்தாலும் நிர்வாகக் கழகம் தலையாட்டாமல் எதுவும் நகராது.

நிர்வாகக் கழகம் என்றால் காவலர் அறைக்குப் பக்கத்து அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் அல்ல. அவர் நிர்வாக முகவர். கொண்டோவில் வீடு வைத்திருக்கும் எல்லா உரிமையாளர்களும் சேர்ந்ததுதான் நிர்வாகக் கழகம். அவர்கள் தேர்ந்தெடுக்கும் மன்றம் அன்றாட விவகாரங்களைக் கவனிக்கிறது. பெரிய முடிவுகள் பொதுக் கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு வரும்.

இங்கே இளையர்களுக்கு ஒரு சிக்கல். வாக்கு உரிமையாளருக்குத்தான். வீடு அப்பா அம்மா பெயரில் இருந்தால் வாக்கு அவர்களுடையது. வாடகைக்கு இருந்தால் வாக்கு வீட்டுக்காரருடையது. ஆகவே முதல் பிரசாரத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே தொடங்க வேண்டியிருக்கும்.

ஆனால் ஓர் உரிமையாளர் நினைத்தால் விஷயத்தைக் கூட்டத்துக்குக் கொண்டுவர முடியும். அடுத்த பொதுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்தத் தீர்மானத்தைச் சேருங்கள் என்று நிர்வாகக் கழகச் செயலாளருக்கு அவர் எழுத்துபூர்வமாகக் கொடுக்கலாம். கூட்ட அறிவிப்பு போவதற்குமுன் கொடுக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறைதான் வழக்கமான பொதுக் கூட்டம். அதைத் தவறவிட்டால், அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டியிருக்கலாம்.

எத்தனை பேர் ஆதரிக்க வேண்டும்?

பல கொண்டோக்களில் விஷயம் முட்டிக்கொண்டு நின்றது இங்கேதான். பொது இடத்தின் ஒரு பகுதியை ஒரு தரப்பின் தனிப் பயன்பாட்டுக்கு மூன்று ஆண்டுக்கு மேல் விடுவதென்றால், பங்கு மதிப்பில் 90 விழுக்காட்டு ஆதரவு வேண்டும் என்பது கட்டடப் பராமரிப்புச் சட்டத்தின் நிலை. சார்ஜர் நிறுவனங்களோ போட்ட பணத்தை எடுக்க நீண்டகால ஒப்பந்தம் கேட்கும். 90 விழுக்காடு என்பது எளிதா? கூட்டத்துக்கு ஆள் வருவதே பெரிய பாடு.

மின்சார வாகன மின்னூட்டச் சட்டம் 2022 நவம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அது இப்போது நடப்பில் இருக்கிறது. சார்ஜர் பொருத்தும் தீர்மானங்களுக்குப் பாதிக்கு மேற்பட்ட ஆதரவு இருந்தாலே போதும். ஒப்பந்தம் பத்து ஆண்டுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். சார்ஜர்களைப் பதிவு செய்வது, சேவை நடத்தும் நிறுவனங்களுக்கு உரிமம், புதிய கட்டடங்களில் முன்கூட்டியே மின் வசதி ஆகியவையும் அந்தச் சட்டத்தில் உண்டு.

கட்டடத்தில் அவ்வளவு மின்சாரம் இருக்கிறதா?

வாக்கெடுப்புக்கு முன்பே விடை தெரிந்திருக்க வேண்டிய கேள்வி இது.

ஒவ்வொரு கட்டடத்துக்கும் இவ்வளவுதான் மின்சாரம் இழுக்கலாம் என்று ஓர் அனுமதி அளவு உண்டு. மின்தூக்கி, நீர் இறைக்கும் பம்பு, தாழ்வார விளக்கு, உடற்பயிற்சிக் கூடத்தின் குளிர்சாதனம் எல்லாம் போக எவ்வளவு மிச்சம்? அதை உரிமம் பெற்ற மின் ஊழியர்தான் அளந்து சொல்ல முடியும்.

சாதாரண சார்ஜர் ஒன்றின் திறன் 7.4 கிலோவாட். பத்து சார்ஜர்கள் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் இயங்கினால் 74 கிலோவாட். பழைய கட்டடத்தில் அவ்வளவு மிச்சம் இல்லாமல் போகலாம். மின் இணைப்பையே பெரிதாக்குவது செலவு பிடிக்கும் வேலை.

அதற்காகத்தான் இந்த மானியம் திறன்மிகு சார்ஜர்களுக்கு மட்டும் கொடுக்கப்பட்டது. அவை எவ்வளவு மின்சாரம் போகிறது என்று கணக்கு வைக்கும். தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும்.

பத்து சார்ஜர்களுக்கும் சேர்த்து 30 கிலோவாட்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து கார்களும் ஒரே இரவில் வந்து நிற்கின்றன. ஆளுக்கு 3 கிலோவாட். எட்டு மணி நேரத்தில் ஒவ்வொரு காருக்கும் 24 கிலோவாட் மணி. 100 கிலோமீட்டருக்கு 17 கிலோவாட் மணி செலவாகும் கார் அதை வைத்து ஏறக்குறைய 140 கிலோமீட்டர் ஓடும்.

ஒரு நாளைக்கு 50 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு அது கிட்டத்தட்ட மூன்று நாள் ஓட்டம். ஆகவே காருக்கு ஒரு சார்ஜர் தேவையில்லை. வேகமான சார்ஜரும் தேவையில்லை. இரவில் கார் சும்மாதானே நிற்கிறது? மெதுவாக ஏறட்டும்.

சார்ஜர் யாருக்குச் சொந்தம்?

இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி: நிர்வாகக் கழகமே வாங்குகிறது. முதலீடு உங்கள் பராமரிப்புப் பணத்திலிருந்து போகும். கட்டணத்தை நீங்களே நிர்ணயிக்கலாம். பழுதானால் தலைவலியும் உங்களுடையதே.

இரண்டாவது வழி: சார்ஜர் நிறுவனம் வாங்கிப் பொருத்தி நடத்துகிறது. நிர்வாகக் கழகம் இடம் கொடுக்கிறது. முன்பணச் செலவு குறைவு, சில நேரம் இல்லாமலே போகலாம். ஆனால் கட்டணத்தை நிறுவனம் முடிவு செய்யும். ஒப்பந்தமும் பல ஆண்டுக்கு நீளும்.

எந்த வழி என்றாலும் மானியம் ஒன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதன் பலன் யாருக்குப் போனது என்பது மாறியது. நிறுவனம் மானியம் வாங்கியிருந்தால், அது உங்கள் கட்டணத்தில் எப்படிப் பிரதிபலிக்கிறது என்று கேளுங்கள். கையெழுத்துப் போடுவதற்குமுன் கேட்க வேண்டிய வேறு சில கேள்விகள்:

• கட்டணத்தை எப்போது, எந்த அடிப்படையில் உயர்த்தலாம்?
• சார்ஜர் பழுதானால் எத்தனை நாளில் சரிசெய்வார்கள்? செய்யாவிட்டால் என்ன?
• வேறு நிறுவனத்தின் சார்ஜரைப் பிறகு வைக்கத் தடை உண்டா?
• ஒப்பந்தம் முடிந்ததும் சார்ஜரும் கம்பிவடமும் யாருக்கு?
• வருகையாளர்கள் பயன்படுத்தலாமா? சார்ஜ் ஏறிய பிறகும் காரை எடுக்காதவரிடம் கட்டணம் உண்டா?

கடைசிக் கேள்வியைச் சின்னதாக நினைக்காதீர்கள். நான்கு சார்ஜர்களை முப்பது பேர் பகிர்ந்துகொள்ளும் இடத்தில் சண்டை வருவதே அதனால்தான்.

கூட்டத்தில் என்ன கேட்பார்கள்?

"எங்கிட்ட காரே இல்ல. நான் ஏன் காசு கொடுக்கணும்?"

நியாயமான கேள்வி. பராமரிப்பு நிதி எல்லாருடைய பணம். "எதிர்காலத்துக்கு நல்லது" என்று பொதுவாகச் சொல்லி இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பயன்படுத்துகிறவரே பணம் கட்டும் முறையைக் காட்டுங்கள். சார்ஜருக்குத் தனி மீட்டர், மின்கட்டணத்தோடு முதலீட்டையும் சிறுகச் சிறுகத் திருப்பும் கட்டணம், எத்தனை ஆண்டில் பணம் திரும்பும் என்ற கணக்கு. காரில்லாதவர் ஒரு காசும் இழக்கமாட்டார் என்று காகிதத்தில் காட்ட முடிந்தால், பாதி வாக்கு வந்துவிட்டது. காட்ட முடியாவிட்டால், அவருடைய தயக்கத்தில் தவறில்லை.

"இருக்கிற நிறுத்துமிடமே பத்தல. இதுக்கு வேற ஒதுக்கணுமா?"

இதிலும் உண்மை இருக்கிறது. மின்சாரக் கார்கள் ஐந்தாறுதான் என்றால் இரண்டு சார்ஜர்களோடு தொடங்கலாம். கூடுதல் சார்ஜர்களுக்கு இடம் வைத்துக் கம்பிவடத்தை இப்போதே இழுத்துவிட்டால், பிறகு செலவு குறையும்.

"தீப்பிடிக்காதா?"

சிங்கப்பூரில் சார்ஜர்களுக்கென்று டிஆர் 25 எனும் தொழில்நுட்பக் குறிப்பு இருக்கிறது. சார்ஜர், கம்பிவடம், பாதுகாப்புத் துண்டிப்பு எல்லாம் அதற்கு உட்பட்டிருக்க வேண்டும். வேலையை உரிமம் பெற்ற மின் ஊழியர் சோதித்துச் சான்றளிக்க வேண்டும். முறையான சார்ஜர் இல்லாத இடத்தில் தூணிலுள்ள சாதாரண மின்செருகியில் யாராவது வடத்தை நீட்டி சார்ஜ் செய்வது இன்னும் கவலைக்குரியது. மணிக்கணக்கில் அதிக மின்சாரம் போவதற்காக அந்தச் செருகிகள் அமைக்கப்படவில்லை. அந்த மின்சாரத்துக்குக் காசு கட்டுவதும் எல்லாரும்தான்.

சரி, எங்கே தொடங்குவது?

1. ஆள் எண்ணுங்கள். கொண்டோவில் இப்போது எத்தனை மின்சாரக் கார்கள்? அடுத்த இரண்டு மூன்று ஆண்டில் வாங்க நினைப்பவர்கள் எத்தனை பேர்? வாட்ஸ்அப் குழுவில் ஒரு சின்னக் கருத்துக்கணிப்பு போதும். "நிறைய பேர் கேக்கிறாங்க" என்பதைவிட "23 வீட்டினர் கேட்கிறார்கள்" என்பதற்கு மதிப்பு அதிகம்.

2. மின் அளவைப் பாருங்கள். கையில் எவ்வளவு மிச்சம், எந்த இடம் தோது என்று மின் ஊழியரின் அறிக்கையைப் பெறும்படி மன்றத்திடம் கேளுங்கள்.

3. விலை விசாரியுங்கள். குறைந்தது மூன்று நிறுவனங்களிடம். சாதனம், மின் ஊழியர், கம்பிவடம் என்று மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். மானியம் அப்படித்தான் கணக்கிடப்பட்டது. மொத்த விலை மட்டும் சொன்னால் உங்களால் ஒப்பிட முடியாது.

4. தீர்மானத்தை எழுதுங்கள். எத்தனை சார்ஜர், எங்கே, அதிகபட்சச் செலவு எவ்வளவு, எந்த நிதியிலிருந்து, கட்டணம் எப்படி என்று தெளிவாக இருக்கட்டும். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் பதிலாள் மூலம் வாக்களிக்கலாம். அந்தப் படிவத்தை நினைவூட்டுங்கள்.

5. விசாரியுங்கள். இப்போது ஏதேனும் மானியம் உண்டா என்று நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இணையத்தளத்தில் பாருங்கள். மானியத்தை நம்பிக் கணக்குப் போட்டிருந்தால், ஒப்புதல் கைக்கு வருமுன் வேலையைத் தொடங்க வேண்டாம். உங்கள் பங்குப் பணமும் ஒதுக்கியிருக்க வேண்டும். அந்த மானியம் இணை நிதியாக இருந்தது. அவர்கள் பாதி என்றால் நீங்களும் போட்டால்தான் வேலை நடக்கும்.

கழக வீட்டில் இருந்தால்?

நீங்கள் விண்ணப்பிக்க எதுவும் இல்லை. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் துணை நிறுவனமான ஈவி எலெக்ட்ரிக் சார்ஜிங் அந்த வேலையைப் பார்க்கிறது. கிட்டத்தட்ட 2,000 கழகக் கார் நிறுத்துமிடங்களில் குறைந்தது 12,000 சார்ஜர்களைப் பொருத்தும் ஏலக்குத்தகை, 2022 நவம்பரில் ஐந்து நிறுவனங்களுக்குக் கொடுக்கப்பட்டது. 2025க்குள் எல்லாக் கழக நகரங்களும் மின்சார வாகனங்களுக்குத் தயாராக வேண்டும் என்பது இலக்காக இருந்தது.

வித்தியாசத்தைக் கவனித்தீர்களா? கழக வீட்டில் இருப்பவர் காத்திருந்தால் சார்ஜர் தானாக வரும். கொண்டோவில் காத்திருந்தால் வராது. யாராவது ஒருவர் எழுந்து கேட்க வேண்டும்.

அந்த ஒருவர் கையில் கணக்கோடு போனால், விஷயம் நகரும். கணக்கில்லாமல் போனால், "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று கூட்டம் கலைந்துவிடும். உங்கள் கொண்டோவின் அடுத்த பொதுக் கூட்டம் என்றைக்கு? இன்றே விசாரித்துவிடுங்கள்.